டர்போ டீசல் காரில் கிளீனர் பாட்டில் ஊற்றலாமா? கீழக்கரைத் தம்பியின் கேள்விக்கு ஒரு பதில்

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். 2014-இல் வாங்கிய 1.3 லிட்டர் டர்போ டீசல் கார். 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அண்ணன் துபாயில் இருப்பதால் வருடத்தில் பாதி நாள் வண்டி கீழக்கரை வீட்டு வாசலில் நிற்கிறது. மீதி நாள் நீங்கள் ராமநாதபுரம் வரை போய்வர எடுக்கிறீர்கள். கொஞ்ச நாளாக இழுவை இல்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறும்போது நாலாவது கியரில் திணறுகிறது, பின்னால் கரும்புகை தள்ளுகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று சாமான் காட்டியிருக்கிறார்கள்: டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர், ஆயிலில் ஊற்றும் இன்ஜின் ஃப்ளஷ், ஏர் பைப்பைக் கழற்றி உள்ளே அடிக்கும் ஸ்ப்ரே. மூன்றையும் போடலாமா, இன்ஜினுக்குக் கேடு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் கழற்றாமல், பாட்டிலாலேயே பழைய இழுவை திரும்புமா என்பதுதான் அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி.

பெரும்பாலும் திரும்பாது என்பதே என் பதில். டேங்கில் ஊற்றும் கிளீனர், டீசலுக்கென்றே செய்ததாக இருந்தால், கேடு செய்யாது. ஒரு குறிப்பிட்ட அழுக்கை ஓரளவு எடுக்கும். ஆயில் ஃப்ளஷ் உங்கள் வண்டிக்கு வேண்டாம். ஏர் பைப்பில் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ராமநாதபுரத்தில் டீசல் பம்ப், நாசில் வேலை பார்ப்பவன் நான். மண்டபம், ராமேசுவரம் விசைப்படகு இன்ஜின்களில் தொழில் கற்று, பிறகு காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் ஏற்பாடு) கார்களுக்கு வந்தவன். வண்டியை நேரில் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் எது உறுதி, எது என் கணிப்பு என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அழுக்கு எங்கே சேர்கிறது என்று பார்ப்போம். டீசல் போகும் வழி வேறு, காற்று போகும் வழி வேறு, ஆயில் போகும் வழி வேறு. உங்கள் வண்டியில் டீசல் டேங்கிலிருந்து ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் என்று போய் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று வரும் மேனிஃபோல்டை அது தொடுவதே இல்லை. ஆனால் இந்த வயதுள்ள டீசல் காரைப் பிரித்தால் கரி அதிகம் கிடைப்பது அந்த மேனிஃபோல்டிலும், ஈஜிஆர் வால்விலும்தான். ஈஜிஆர் என்பது எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் காற்று வழியில் விடும் ஏற்பாடு. நைட்ரஜன் ஆக்சைடு மாசு குறைவதற்காக. அந்தப் புகையில் வரும் கரித்தூளும், இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக்கொள்ளும். அங்கே டீசல் போகாதபோது டீசலில் கலந்த மருந்தும் போகாது. குழாய் இணைப்பே இல்லாத தெருவைச் சுத்தம் செய்ய மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். ‘ஈஜிஆர், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்யும்’ என்று டேங்க் கிளீனர் பாட்டிலில் அச்சடித்திருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம். புகையில் கரி குறைந்தால் இனிமேல் சேர்வது கொஞ்சம் குறையலாம். ஏற்கெனவே அப்பியது போகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்ஜெக்டருக்கு வருவோம். கிளீனருக்கு உண்மையாக வேலை இருக்கும் இடம் இதுதான். உங்கள் தலைமுறை காமன் ரெயிலில் டீசல் சுமார் 1,600 பார் அழுத்தத்தில் நிற்கும். புதிய வண்டிகளில் 2,000 பாரைத் தொடும். இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனையான நாசிலின் நுனியில் இருக்கும் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏழில், எட்டில் ஒரு பங்குதான். உள்ளே ஏறி இறங்கும் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. இங்கே இரண்டு வகை அழுக்கு சேரும். ஒன்று, எரியும் பக்கத்தில் துளை வாயில் படியும் கரி. இன்னொன்று, இன்ஜெக்டரின் உள்ளே ஊசியிலும் கன்ட்ரோல் வால்விலும் படியும் மெல்லிய படலம்.

துளை வாயில் படியும் கரியை நல்ல டிடர்ஜென்ட் எடுக்கும் என்பது சோதனையில் நிரூபணமானது. ஐரோப்பாவில் டீசல் டிடர்ஜென்ட்டைச் சோதிக்க டிடபிள்யூ10 என்ற டர்போ டீசல் இன்ஜினைப் பயன்படுத்துகிறார்கள். டீசலில் வெறும் 1 பிபிஎம் அளவுக்கு ஜிங்க் கலந்து வேண்டுமென்றே நாசிலை அடைக்கவைத்து, பவர் எவ்வளவு இறங்குகிறது, மருந்து போட்டால் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். மருந்தின் திறனை விட எனக்கு அந்த 1 பிபிஎம்தான் பெரிய செய்தி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஜிங்க் போதும், நாசில் கெட. படகுக்கு டீசல் கொண்டுபோகும் ஜிங்க் பூசிய தகர டின்னில் பிடித்துவைத்த டீசலைக் காரில் ஊற்றுவது நம் கரையோரக் கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. கல்யாண வீட்டு அவசரத்துக்குக் கூட அதைச் செய்யாதீர்கள்.

உள்பக்கப் படலம் சிக்கலான விஷயம். அதில் ஒரு வகை சோடியம் சோப். டீசலில் துருத் தடுப்புக்காகச் சேர்க்கும் சில அமிலங்களோடு சோடியம் சேர்ந்தால் சோப்பு உண்டாகி, ஊசியை ஒட்டிப்பிடிக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, ஐடிலில் குலுங்குவது எல்லாம் அதனால் வரும். சோடியம் எங்கிருந்து வரும்? சுத்திகரிப்பு ஆலையில் உப்பைக் கொண்டு டீசலின் ஈரத்தை எடுக்கும்போது வரலாம், கப்பலில் ஏறி இறங்கும்போது கடல்நீர் பட்டு வரலாம். இந்த வேதியியல் உறுதியானது. நம் கரையில் வரும் இன்ஜெக்டர் கோளாறுகளில் எத்தனைக்கு இது காரணம் என்பது மட்டும் என் கணிப்புதான். தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து வரும் இன்ஜெக்டர்களில் உப்புநீர் பட்ட அடையாளத்தை நான் பார்க்கிறேன். பரமக்குடிக்கு மேற்கே இருந்து வருவதில் அதிகம் பார்ப்பதில்லை. உப்புக் காற்று நேராக டேங்குக்குள் போய் இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. உப்பு கலந்த தண்ணீர் டீசலோடு சேர்ந்து வருவதுதான் வழி. இந்த உள் படலத்தைக் கிளீனர் சில நேரம் தளர்த்தும், சில நேரம் தொடவே தொடாது.

பாட்டில் வாங்குவதானால் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். டீசல் டிடர்ஜென்ட் பெரும்பாலும் பாலிஐசோபியூட்டிலீன் சக்சினிமைடு வகை. பெட்ரோல் கிளீனர்களில் பேர் போன பாலிஈதர் அமீன் வேறு சாமான், அதை டீசலில் ஊற்ற வேண்டியதில்லை. பல பாட்டில்களில் எத்தில்ஹெக்சில் நைட்ரேட்டும் இருக்கும். அது சீட்டேனை (டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்ற அளவை) உயர்த்தும், சுத்தம் செய்யாது. ஊற்றிய உடனே இன்ஜின் சத்தம் மென்மையானதாகத் தோன்றினால் பாதி நேரம் இதன் வேலைதான். அந்த டேங்க் காலியானதும் பழைய சத்தம் வந்துவிடும். நம் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் டீசலுக்கே ஐஎஸ் 1460 தரப்படி சீட்டேன் குறைந்தது 51 இருக்க வேண்டும். ஒழுங்கான இன்ஜினுக்கு அது போதும். அளவைக் கூட்டாதீர்கள். இரண்டு பாட்டில் ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்பதில்லை. மூலக்கூறு எடை குறைந்த மலிவான டிடர்ஜென்ட்டுகளே ஊசியில் பழுப்புப் படலத்துக்குக் காரணமாகின்றன என்ற சந்தேகம் இத்துறையில் உண்டு. அது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. ஆனாலும் அளவை மீறாமல் இருக்க எனக்கு அந்தச் சந்தேகமே போதும்.

மண்ணெண்ணெய் ஊற்றினால் கரி போகும் என்று படகுத் துறையில் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். பழைய இன்லைன் பம்ப் அதைத் தாங்கியது. காமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உயவு கொடுப்பது டீசலேதான். வேறு ஆயில் கிடையாது. டீசலில் கந்தகம், பிஎஸ் என்ற இந்தியப் புகை மாசு விதிகளின்படி, பிஎஸ்3 காலத்தில் 350 பிபிஎம், பிஎஸ்4-இல் 50, 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6-இல் 10 என்று இறங்கியிருக்கிறது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுக்கலும் குறைந்துபோவதால், அதை ஈடுகட்ட ஆலையிலேயே உயவு மருந்து சேர்க்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயைக் கலந்தால் அந்த உயவை நீங்களே நீர்க்கச் செய்கிறீர்கள். பம்ப் தேய்ந்து இரும்புத்தூள் ரெயிலுக்குள் போனால் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர், டேங்க் வரை செலவு வைக்கும். பங்கீட்டு மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றமும்கூட. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். உயவு கொஞ்சம் கூடலாம், சுத்தம் எதுவும் ஆகாது. துகள் வடிகட்டி உள்ள பிஎஸ்6 வண்டியில் அதிலிருந்து வரும் சாம்பல் வடிகட்டியில் தங்கும் என்பதால் அங்கே வேண்டவே வேண்டாம்.

இப்போது உங்கள் வண்டி. இழுவை இல்லை, லோடில் கரும்புகை. ஸ்டார்டிங் கோளாறு, ஐடிலில் குலுக்கல் எதையும் நீங்கள் சொல்லவில்லை. கரும்புகை என்றால் பீய்ச்சிய டீசலுக்குத் தக்க காற்று கிடைக்கவில்லை என்று பொருள். இன்ஜெக்டர் அதிகம் ஒழுக்கினாலும் கரும்புகை வரும். ஆனால் ஐடில் ஒழுங்காக இருந்து, ஏற்றத்தில் மட்டும் திணறினால் நான் முதலில் கை வைப்பது, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள காற்று வழியில். இது என் கணிப்பு, ஆனால் கரையோர வண்டிகளில் திரும்பத் திரும்பப் பார்த்ததிலிருந்து எழுந்த கணிப்பு.

உப்புக் காற்று இன்ஜினுக்குள்ளே செய்வதைவிட வெளியே செய்வது மிக அதிகம். டர்போ ஓஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து இறுக்கம் போய்விடும். கழற்றிப் பார்க்கும்வரை இறுக்கமாக இருப்பதாகவே தோன்றும். டர்போ அழுத்திச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் அலுமினியம்; அதன் இதழ்களில் வெள்ளைப் பொடி பூத்து, ஊசி முனைத் துவாரம் விழும். டர்போவுக்கு மிஞ்சிய புகையை ஒதுக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் கம்பி துருவேறி, கதவு முழுவதும் மூடாமல் நின்றுவிடும். உங்கள் 1.3 லிட்டர் வகையில் 75 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் வேஸ்ட்கேட் உள்ள டர்போ. 90 குதிரைத்திறன் என்றால் இறகுகள் திரும்பும் விஜிடி டர்போ, அதில் இறகு வளையத்தில் கரி பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய் விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர். வருடம் முழுக்க வெயிலில் நின்ற வண்டியில் அது வெடித்துப்போவது சகஜம். இவற்றில் எது நடந்தாலும் காற்று வெளியே போகும், இழுவை குறையும், கரும்புகை வரும். எந்தப் பாட்டிலாலும் ஓஸ் கிளாம்பை முறுக்க முடியாது.

இதைப் பார்ப்பது எளிது. ஓஸ் மூட்டுகளில் ஆயில் கசிந்து புழுதி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். அங்கேதான் காற்றும் கசிகிறது. வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் பண்ணிப் பார்ப்பது போதாது, லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் எழாது. டர்போவின் நுழைவு முனையை அடைத்து, 1 பாருக்குக் குறைவான கம்பரசர் காற்றை இன்ஜின் நிற்கும்போது உள்ளே விட்டு, மூட்டுகளிலும் இன்டர்கூலரிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மெக்கானிக் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். கூடவே ஸ்கேனரை மாட்டி, பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கேட்கும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, கிடைக்கும் பூஸ்ட் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிப் போனால் காற்று வழியில் பழுதில்லை, அடுத்ததைப் பார்க்கலாம். கிடைப்பது குறைவாக இருந்தால் இன்ஜெக்டர் பேச்சையே எடுக்க வேண்டாம்.

வண்டி நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகு இறங்கும் வாரத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் பம்புகளில் பெரும்பாலானவை தண்ணீர் குடித்தவை. இரண்டு மாதம் அசையாமல் நின்ற டேங்கில் தண்ணீர் அடியில் தங்கி, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கறுப்புச் சளியாக ஃபில்டரை அடைக்கும். கார் டேங்க் அவ்வளவு மோசம் இல்லை, மூடி இறுக்கமானது. காற்றின் ஈரம் மட்டுமே பெரிய அளவில் தண்ணீர் சேர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்ரோல் பங்கின் தரையடித் தொட்டிக்குள் இறங்கும் தண்ணீரும், கேனில் வாங்கும் டீசலும்தான் பெரிய வழி. வந்த தண்ணீர், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஓட்டத்தில் வெளியேறாமல் அடியிலேயே தங்கித் துருவாக்கும்.

அதனால் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து தெரியும். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம், உணரியின் முனையே துருவில் மூடியிருக்கலாம். தண்ணீர் இருந்தால் ஃபில்டரை மாற்றி, டேங்கின் அடியையும் பார்க்க வேண்டும். சில கிளீனர்களில் தண்ணீரை டீசலோடு கரைத்து எரித்துவிடும் ஆல்கஹால் வகைப் பொருள் இருக்கும். காமன் ரெயிலுக்கு அது ஆகாது. பிரிந்து நிற்கும் தண்ணீரை ஃபில்டர் பிடித்துவிடும். டீசலோடு கலந்துவிட்ட தண்ணீர் ஃபில்டரைக் கடந்து ஊசிவரை போகும். தண்ணீரைப் பிரித்து இறக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழுச் சூட்டில் ஒரு ஓட்டம் ஓட்டுவது எவ்வளவோ மேல்.

ஆயில் ஃப்ளஷை ஏன் வேண்டாம் என்கிறேன்? சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். அதைத் தாங்குவது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள ஆயில் படலம் மட்டும்தான். ஃப்ளஷ் பெரும்பாலும் மெல்லிய கரைப்பான். ஆயிலை நீர்க்க வைக்கும். ஐடிலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு இறக்கச் சொல்லும் கம்பெனிக்காரர்களும் அந்த நேரத்தில் வண்டியை ஓட்டாதே என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இறக்கினாலும் இன்ஜினுக்குள் பழைய ஆயில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், அதோடு ஃப்ளஷும் தங்கும். என் பெரிய பயம் வேறு: வருடக்கணக்கில் அடியில் படிந்த கட்டி ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் தொட்டியான சம்பின் சல்லடையில் போய் உட்கார்ந்தால், முதலில் பட்டினி கிடப்பது டர்போவுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப். ஒழுங்காக ஆயில் மாற்றிவந்த இன்ஜினில் ஃப்ளஷ் கேடு செய்யாமல் போவதும் உண்டு. ஆனால் அந்த இன்ஜினுக்கு ஃப்ளஷே தேவையில்லை. மாற்றாத இன்ஜினில் அது ஆபத்து. டீசல் ஆயிலிலேயே கரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் மருந்து இருக்கிறது, மாற்றிய சில நூறு கிலோமீட்டரில் கறுப்பாவது அதனால்தான். அது நல்ல அடையாளம். உள்ளே அழுக்கு என்று சந்தேகப்பட்டால், கையேட்டில் போட்ட தரத்தில் நல்ல ஆயிலும் ஃபில்டரும் போட்டு, 3,000 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். மெதுவாகக் கரைந்து வெளியே வரும். ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடிக்கொண்டே போனால் டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்ப்ரேயைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். டீசல் இன்ஜின் அழுத்தச் சூட்டிலேயே எரிவது. காற்றோடு எரியக்கூடிய ஆவி எது உள்ளே போனாலும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஓடும் இன்ஜினில் அளவு மீறி அடித்தால் சுற்று தானாக ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் கையால் ஏர் பைப்பை அடைக்கப் போகாதீர்கள், விரல் போய்விடும். பிரேக்கை முழுவதும் மிதித்து, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். இது நடக்காவிட்டாலும், ஊறிய கரிக்கட்டி பெயர்ந்து வால்வு இருக்கையில் சிக்கும் அபாயம் இருக்கிறது. ஈஜிஆரும் மேனிஃபோல்டும் அடைத்திருந்தால் கழற்றி, மேசையில் வைத்து, கையால் சுரண்டிக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மாட்டுவதே வழி. ஒரு நாள் வேலை. சிலர் ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். வண்டி இழுக்கலாம், ஆனால் புகை மாசு விதிக்கு அது புறம்பு. நான் செய்து கொடுப்பதில்லை.

2020-க்குப் பிறகு வாங்கிய பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. வடிகட்டியில் சேரும் கரி சுமார் 600 டிகிரி சூட்டில் எரியும். சில மருந்துகள் அந்தச் சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, எந்த மருந்திலும் கரையாது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் வடிகட்டி எரிய நேரமே கிடைக்காது. வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், சாம்பல் குறைந்த ஆயில்தான் போடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறப்பேன். ஏர்வாடி, அரிச்சல்முனை மணல் அதில் கிடக்கும். பிறகு ஓஸ், கிளாம்ப், இன்டர்கூலர், வேக்குவம் குழாய், வேஸ்ட்கேட் கம்பி. அதோடு டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்து, மாற்றி ரொம்ப நாளாகியிருந்தால் புது ஃபில்டர். ஸ்கேனரில் பூஸ்ட் எண்களும் நாலு இன்ஜெக்டரின் திருத்த அளவுகளும் (ஒவ்வொன்றின் டீசலையும் வண்டியின் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற எண்கள்). இவ்வளவும் செய்து இழுவை திரும்பவில்லை என்றால் ஈஜிஆரையும் மேனிஃபோல்டையும் திறக்கச் சொல்வேன். கிளீனர் போட ஆசை இருந்தால் இந்தச் சோதனைகளுக்குப் பிறகு போடுங்கள். டேங்க் காலியாகும் நிலையில் பாட்டிலை முதலில் ஊற்றி, அதன்மேல் டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். நிரப்பியதும் 87-ஆம் எண் நெடுஞ்சாலையில் மதுரை வரை ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள். ஒரு கியர் குறைத்து, 2,500 முதல் 3,000 சுற்றில் கொஞ்ச தூரம் ஓட்டினால் டர்போ இறகிலும் எக்ஸாஸ்டிலும் ஒட்டிய மெல்லிய கரி எரியும். கீழக்கரை–ராமநாதபுரம் மெதுவோட்டத்தில் அந்தச் சூடு வராது. இந்த ஓட்டத்தில் கிடைக்கும் நன்மையில் பாதி பாட்டிலால் இல்லை, ஓட்டியதால் என்பதே என் எண்ணம். இரண்டையும் பிரித்து அளக்க வழியில்லை. இரண்டு டேங்குக்குள் திருத்த அளவுகள் இறங்கவில்லை என்றால் மூன்றாவது பாட்டில் வாங்க வேண்டாம்.

அப்புறம் நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் குழாயைக் கழற்றி நாலு சின்ன பாட்டிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் டீசல் மற்றதைவிடப் பல மடங்கு விழுந்தால் உள்ளே வால்வு தேய்ந்திருக்கிறது. தேய்மானத்தை எந்த டிடர்ஜென்ட்டும் நிரப்பாது. அந்த ஒன்றைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு அளவு பார்த்து, சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். திரும்ப மாட்டும்போது அடியில் போடும் செப்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். பழைய வாஷரையே போட்டால் அந்த வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கட்டி, அடுத்த முறை கழற்ற ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.